மறைத்து வைத்த இரும்பு

எமது தங்கையின் மகன் உயர்தரப் பரீட்சை எழுதிப் பல்கலைக்கழகத்துக்கு வேண்டிய புள்ளிகளைப் பெறாதபோது, வீட்டில் ஒரு வார காலம் அடுப்பு ஒழுங்காக மூளவில்லை. அவன் தொழிற்பயிற்சி நிலையத்திற் சேர்ந்து கடைச்சல் வேலை பயிலப் போவதாகச் சொன்னான். "இரும்போடு மாரடிக்கவா இவ்வளவு காலமும் படித்தாய்?" என்று கேட்டவர்களுள் நாமே முதல்வர். முப்பது ஆண்டுகள் கணிதம் கற்பித்த வாயல்லவா!

அவனோ மனந்தளராது பயின்று, தேசிய தொழிற்றகைமையில் நான்காம் மட்டச் சான்றிதழுடன் வந்தான். அதன் பெறுமதியை நாம் பின்னரே அறிந்தோம். 2004ஆம் ஆண்டில் எமது நாட்டில் அறிமுகமான அத்தகைமைக்கு ஏழு மட்டங்கள் உண்டு. நான்கு வரை சான்றிதழ். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழாவது பட்டத்துக்கு நிகரானது. ஏட்டுப் படிப்பை ஒப்புவித்து இதனைப் பெறவியலாது. மதிப்பிடுவோர் முன்னிலையில் வேலையைச் செய்து காட்டவேண்டும். பள்ளிக்கூடம் செல்லாது பட்டறையிலேயே பழகியவரும் தம் திறமையைக் காட்டி இதனைப் பெறலாம். ஆகவே, சான்றிதழ் கிடைத்ததும் வேலையும் நிலைத்துவிட்டதென்று நாம் நிம்மதியடைந்தோம்.

பட்டறையொன்றிற் சேர்ந்து மூன்று வாரங்கள்கூட ஆகவில்லை. ஒருநாள் மத்தியானமே வீடு திரும்பிய மருமகன், "இரண்டு நாள் வரவேண்டாமாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குட் சென்று படுத்துக்கொண்டான். எமக்குச் சினம் பொங்கியது. சான்றிதழைக் கையில் எடுத்துக்கொண்டு பட்டறைக்கே போனோம்.

முதலாளி வயதானவர், தந்தையின் பக்கத்தில் நின்று தொழில் பழகியவர். எம்மை இருத்தித் தேநீர் தந்தபின் சொன்னார்: "மாஸ்ரர், பெடியன்ரை வேலையிலை குறை சொல்ல ஏலாது. வரைபடம் வாசிப்பான். வேணியர் இடுக்கியைப் பிடிச்சானெண்டால் அளவு தப்பாது. ஆனால், இதைப் பாருங்கோ."

பழந்துணியிற் சுற்றிய ஓர் இரும்புத் துண்டை அவர் எம் கையில் வைத்தார். உரும்பிராயில் வெங்காயம் பயிரிடும் கமக்காரர் ஒருவரின் நீரிறைக்கும் இயந்திரத்துக்காகக் கடைந்த புஷ் அது. மயிரிழையளவு கூடுதலாகச் சீவுப்பட்டுவிட்டது. சீவிய இரும்பை மீண்டும் ஒட்டமுடியுமா? மருமகன் அதனை வேலைமேசையின் கீழ் ஒளித்துவிட்டு, எவருக்கும் சொல்லாமல் வேறோர் இரும்பை எடுத்துக் கடையத் தொடங்கியிருக்கிறான்.

"பிழை விடாத ஆளை நான் தேடேல்லை, மாஸ்ரர். நானும் எத்தினையோ துண்டைப் பழுதாக்கினனான். உடனை வந்து சொல்லியிருந்தால், இதைச் சின்னப் புஷ்ஷாகக் கடைஞ்சிருப்பன். இண்டைக்கு ஒரு துண்டை ஒளிச்சவன், நாளைக்குப் பழுதானதைப் பூட்டி அனுப்பினால் என்ன செய்யிறது? கமக்காரன்ரை பயிரல்லோ வாடும்?"

சான்றிதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பினோம்.

இரவு மருமகனிடம் காரணம் கேட்டோம். நெடுநேரம் பேசாதிருந்தான். பின்னர், "சின்னனிலை கணக்குப் பிழைச்சால் கொப்பியை ஒளிச்சு வைச்சுத்தானே பழக்கம், மாமா" என்றான். அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் நாம். பிழைத்த கணக்கின் மேல் சிவப்பு மையாற் குறுக்கே கோடிழுத்து, அக்கொப்பியை அவன் தாயின் முன்னும் விருந்தினர் முன்னும் விரித்துக் காட்டியவரும் நாமே. பிழை என்பது திருத்தப்படவேண்டியது என்பதனை நாம் கற்பிக்கவில்லை. அது மறைக்கப்படவேண்டியது என்பதனையே கற்பித்திருந்தோம்.

தொழில் கற்று வெளியேறும் இளைஞருக்கு வேலையில்லையென நாம் ஓயாது குறைப்படுகிறோம். அக்குறை முழுவதும் பொய்யன்று. நல்ல பட்டறைகளும் தக்க ஊதியமும் எல்லா ஊரிலும் இல்லை. எனினும், கைக்குத் தொழிலைப் பயிற்சி நிலையம் கற்பிக்கும். "கெடுத்துவிட்டேன்" என்று நிமிர்ந்து நின்று சொல்லும் துணிவை எந்த நிலையம் கற்பிக்கும்? அது வீட்டிலும் வகுப்பறையிலும் ஐந்தாம் ஆறாம் வயதிலேயே தொடங்கவேண்டிய பாடமன்றோ?

மூன்றாம் நாட்காலை மருமகன் பட்டறைக்குச் சென்று, தன் தவற்றை ஒப்புக்கொண்டான். முதலாளி வேறொன்றும் பேசாமல் அந்தப் பழைய துண்டையே அவனிடம் கொடுத்து, சிறிய புஷ்ஷாகக் கடையச் சொன்னாராம்.

சென்ற வாரம் இராப்போசனத்தின்போது, "இண்டைக்கும் ஒண்டைப் பழுதாக்கிப் போட்டன், உடனை சொல்லிப் போட்டன்" என்றான். ஏச வாயெடுத்த தங்கையை நாம் கண்ணாற் தடுத்தோம். "எப்படிப் பழுதானது, தம்பி?" என்று கேட்டோம். அவன் சோற்றுக்கையுடனேயே, இரும்பு எவ்விடத்தில் வழுகியதென்று எமக்கு விளக்கத் தொடங்கினான்.