அசலூர்க்காரர்கள்

ஆலங்குளத்தில் என் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. "பாண்டிச்சேரிக்காரர் வீடு" என்று கேட்டால் பெட்டிக்கடைக்காரர்கூட வழி காட்டுவார். இது என் மனைவியின் ஊர். பணி ஓய்வுக்குப் பிறகு இங்கே வந்து பதினான்கு வருடம் ஆகிறது. ரேஷன் கார்டு, ஓட்டு எல்லாம் இங்கேதான். இருந்தாலும் நான் அசலூர்க்காரன். மரியாதையோடுதான் சொல்கிறார்கள், எனக்குக் குறை இல்லை. ஆனால் பென்ஷன் வாங்கும் அசலூர்க்காரனுக்கு ஒரு சொல், கூலிக்கு வரும் அசலூர்க்காரனுக்கு வேறு சொல் என்று ஊர் வைத்திருக்கிறது. அந்த இரண்டாவது சொல் "வடக்கன்".

பத்து வருடம் முன்பு இங்கே இவர்களை அதிகம் பார்க்க முடியாது. இப்போது பரோட்டாக் கடையில் மாவு பிசைவதும், ஹாலோ பிளாக் அடிப்பதும், சாலை வேலையில் வெயிலில் நிற்பதும் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசாப் பையன்கள். டீக்கடையில் இதைப் பற்றித் தினமும் ஒரு வழக்கு நடக்கும்.

"இந்த வடக்கன்வ வந்து நம்ம பயலுவ பொழப்பக் கெடுக்கானுவ, பெரியப்பா" என்றான் ஒரு இளைஞன். அந்தப் பெரியப்பா முப்பது வருடம் பம்பாய் தாராவியில் இருந்து திரும்பியவர். டம்ளரைக் கீழே வைத்தார். "ஏல, நாங்க அங்க இருக்கச்சே எங்களையும் இப்படித்தாம்ல சொன்னானுவ. மதராசின்னுதான் கூப்பிடுவான். வேட்டியக் கட்டிட்டு ராத்திரி வெளிய போக யோசிக்கணும்."

அவர் சொன்னது வரலாறு. 1966-ல் சிவசேனை தொடங்கியபோது அதன் முதல் குறி தென்னிந்தியர்கள்தான். மராட்டியர் வேலையை மதராசிகள் பறிக்கிறார்கள் என்பதே அன்றைய முழக்கம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்குப் போனவர்கள் தோல் பதனிட்டார்கள், இட்லி விற்றார்கள், கிடைத்த வேலையைச் செய்தார்கள். இங்கே பீடி சுற்றி மிஞ்சாத காசை அங்கே சம்பாதித்து அனுப்பினார்கள். சென்னைத் தெருக்களில் உள்ள "அண்ணாச்சி கடை"யும் இந்தப் பக்கத்து ஆட்கள் பிழைக்கப் போய்ப் போட்ட கடைதானே.

என் பேத்தி உளவியல் படிக்கிறாள். விடுமுறைக்கு வரும்போது அவள் புத்தகங்களைப் புரட்டுவது என் பொழுதுபோக்கு. அதில் ஹென்றி தாஜ்ஃபெல் என்ற பெயரைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். போலந்தில் பிறந்த யூதர். படிக்கப் பிரான்சுக்குப் போய், இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, ஜெர்மானியரிடம் சிறைப்பட்டவர். எந்த நாட்டு யூதர் என்று அவர்கள் கண்டுகொண்ட விதத்தில்தான் உயிர் தப்பினார். பிறகு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் பேராசிரியராக இருந்தபோது பள்ளிப் பையன்களை வைத்து ஒரு சோதனை செய்தார். கிளே, காண்டின்ஸ்கி என்ற இரண்டு ஓவியர்களில் யார் படம் பிடிக்கும் என்று கேட்டு இரண்டு கட்சியாகப் பிரித்ததாகச் சொன்னார். உண்மையில் பிரித்தது சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரிதான். பையன்களுக்குத் தன் கட்சியில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. காசைப் பங்கிடச் சொன்னபோது தன் கட்சிக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். அது மட்டுமில்லை. தன் கட்சிக்குக் கிடைப்பது கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்க்கட்சியைவிட அதிகம் இருந்தால் போதும் என்றும் பல பேர் நினைத்தார்கள். ஓவியத்துக்கே இப்படி என்றால் மொழிக்கும் நிறத்துக்கும் கேட்கவா வேண்டும்?

2023 மார்ச் மாதத் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பீகார் அரசே ஒரு குழுவை அனுப்பி விசாரித்தது. பொய் என்று தெரிந்தது. ஆனால் அந்தப் பொய்யை நம்ப அங்கேயும் ஆள் இருந்தது. அவர்கள் ஊருக்குப் போனால் நல்லது என்று சொல்ல இங்கேயும் ஆள் இருந்தது.

கனடாவின் ஜான் பெர்ரி என்ற உளவியலாளர் புதிதாக வந்தவர்களைப் பற்றி இரண்டே கேள்வி கேட்டார். தன் வழக்கத்தைக் காப்பாற்றிக்கொள்கிறானா? வந்த ஊரோடு கலக்கிறானா? இரண்டுக்கும் ஆம் என்றால் மனசு நன்றாக இருக்கும். இரண்டுக்கும் இல்லை என்றால் அந்தரத்தில் தொங்குவான். இதில் எனக்குப் பிடித்தது, விடை வந்தவன் கையில் மட்டும் இல்லை என்று அவர் சொன்னதுதான். கலக்க ஊர் இடம் கொடுக்க வேண்டும்.

இது எனக்கு அனுபவப் பாடம். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். என் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவனின் அப்பா எழுதிக் கொடுத்தார், என் அப்பா கொடுக்கவில்லை. அவன் கப்பல் ஏறினான். நான் பின்னால் கீழ்நிலை எழுத்தராக வேலைக்குச் சேர்ந்தேன். கோப்பு எல்லாம் ஆங்கிலம். எனக்குத் தெரிந்தது பிரெஞ்சு. பிறந்த தெருவை விட்டு ஓர் அடி நகராமலே நான் புதிதாக வந்தவன் ஆனேன். ஒரு தலைமை எழுத்தர் மாலையில் அரைமணி நேரம் உட்காரவைத்துக் குறிப்பு எழுதக் கற்றுக்கொடுத்தார். ஊர் இடம் கொடுப்பது என்றால் எனக்கு அந்த அரைமணி நேரம்தான்.

கப்பல் ஏறிய நண்பன் பாரிசில் இந்தியன், பாண்டிக்கு வந்தால் பிரான்சுக்காரன். அல்ஜீரியாவில் பிறந்த அப்துல்மாலிக் சயாத் இந்த நிலைக்கு "இரட்டை இல்லாமை" என்று பெயர் வைத்தார். வந்த ஊரிலும் முழுதாக இல்லை, விட்டு வந்த ஊரிலும் இல்லை. அவர் 1998-ல் காலமானார், அடுத்த வருடம் அந்தத் தலைப்பிலேயே புத்தகம் வந்தது. அதை எனக்கு அனுப்பி வைத்தவன் அந்த நண்பன்தான்.

சரி, ஆலங்குளத்துக்கு வருகிறேன். எங்கள் தெருக் கோடியில் ஒரு ஜார்க்கண்ட் குடும்பம். அப்பா ஹாலோ பிளாக் அடிக்கிறார். ஏழு வயதுப் பெண் குழந்தை பகலெல்லாம் மணல் குவியலில் விளையாடிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பள்ளியில் கேட்டதற்கு, டி.சி. இல்லை, பிறந்த தேதிக்கு அத்தாட்சி இல்லை, எப்படிச் சேர்ப்பது என்றார்களாம். அந்த ஆசிரியையைக் குறை சொல்ல மாட்டேன். நாளை ஆய்வுக்கு வருகிறவர் பதிவேட்டைத்தான் பார்ப்பார் என்ற பயம் எனக்குத் தெரியாததா?

முப்பத்தைந்து வருடம் மனு வாங்கியவன் ஒரு மனு எழுதினேன். கல்வி உரிமைச் சட்டம் 2009. வயதுச் சான்று இல்லை என்று எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது 14-ஆம் பிரிவு. டி.சி. வரத் தாமதமானாலும் சேர்க்கையை நிறுத்தக் கூடாது என்கிறது 5-ஆம் பிரிவு. ஆசிரியை இரண்டு முறை படித்தார். "இது போதும் சார், இதை ஃபைலில் வைத்துக்கொள்கிறேன்" என்று அன்றே சேர்த்துக்கொண்டார்.

இப்போது அவள் காலையில் மற்றப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து உப்புமா சாப்பிடுகிறாள். இந்தக் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. கோர்டன் ஆல்போர்ட் 1954-லேயே எழுதினார்: பக்கத்தில் இருந்தால் மட்டும் வெறுப்பு குறையாது; சம நிலை வேண்டும், சேர்ந்து செய்யும் வேலை வேண்டும், மேலே இருப்பவர்களின் ஆதரவு வேண்டும். பிறகு 2006-ல் பெட்டிக்ரூ, ட்ராப் என்ற இருவர் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பழகப் பழக வெறுப்பு குறைவதைக் காட்டினார்கள். டீக்கடையில் ஒருவன் டம்ளர் கழுவுகிறான், இன்னொருவன் குடிக்கிறான். அது தினசரிச் சந்திப்புதான், சமமான சந்திப்பு இல்லை. உப்புமா வரிசை சமம்.

ஆறு மாதத்தில் அந்தக் குழந்தை "ஏட்டி, இங்க வாட்டி" என்று சிநேகிதியைக் கூப்பிடுகிறாள். எனக்குத்தான் அந்தப் பேச்சு இன்னும் வரவில்லை.

போன வாரம் அவள் அப்பா வந்தார். மேஸ்திரி அடுத்த வேலை கேரளத்தில் என்கிறாராம். குழந்தையின் டி.சி.யை வாங்கிக் கையில் வைத்திருந்தார். இந்தக் காகிதம் அங்கே செல்லுமா என்று அரைத் தமிழில் கேட்டார். செல்லும் என்றேன். அந்தப் பிரிவுகளை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்துப் பின் போட்டுக் கொடுத்தேன்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு பிள்ளை மணலில் விளையாடிக்கொண்டிருக்கலாம். 5, 14 என்ற இரண்டு எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.