நான்கு தந்தியும் ஐந்து தந்தியும்





நம் பாடற்குழுவுக்குப் புதிய பேஸ் கிட்டார் ஒன்று வந்திருப்பதை அறிவீர்கள். வாலிபர்கள் ஓராண்டுக் காலம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் அது வாங்கப்பட்டது. அது வந்த நாள்முதல் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்படுகின்றன. "பழையதை விற்றுவிடலாமா, ஐயா?" என்பது ஒன்று. "இதற்கும் அதற்கும் அப்படி என்னதான் வித்தியாசம்?" என்பது மற்றொன்று. மூன்றாவது கேள்வியும் உண்டு. அதை எவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பழைய கருவியை வாசித்துவந்த நம் மூத்த சகோதரர், புதியது வந்த மறுவாரமே, "இனித் தம்பிகள் வாசிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பின்வரிசையில் போய் அமர்ந்துகொண்டார். அவர் அங்கேயே இருந்துவிட வேண்டுமா என்பதுதான் அக்கேள்வி. இவ்வாரம் மூன்றையும் சேர்த்துச் சிந்திப்போம்.

முதலில் கருவியின் கதை. மின்சார பேஸ் கிட்டார் தோன்றுவதற்கு முன், தாழ்ந்த சுரங்களை வாசிக்க டபுள் பேஸ் என்னும் பெரிய கருவியைத் தரையில் நிறுத்தி வாசித்தார்கள். அது ஆளை விட உயரமானது. தூக்கிச் செல்வது பெரும்பாடு. மற்ற வாத்தியங்கள் உரக்க ஒலித்தால் அதன் ஓசை அமுங்கிப்போகும். கலிஃபோர்னியாவில் வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் தொழில் செய்துவந்த லியோ ஃபெண்டர், 1951 இல் பிரிசிஷன் பேஸ் என்னும் கருவியைக் கொண்டுவந்தார். டபுள் பேஸின் கழுத்தில் ஃபிரெட்டுகள் இல்லை. இதிலோ அவை பதிக்கப்பட்டிருந்ததால் விரல் அழுத்திய இடத்தில் சுரம் துல்லியமாகப் பிறந்தது. அந்தத் துல்லியத்தையே அதன் பெயரும் குறிக்கிறது. இதைச் செய்த ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது என்பது நினைவில் வைக்கத் தக்கது. தாம் வாசிக்க இயலாத ஒன்றைப் பிறர் வாசிக்கும்படி செய்து கொடுத்தார் அவர்.

நம் சபையின் பழைய கருவி அந்த வழியில் வந்தது. இ, ஏ, டி, ஜி என்று நான்கு தந்திகள், ஒரு பிக்கப், ஒலியளவுக்கு ஒரு குமிழ், தொனிக்கு ஒரு குமிழ். பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிச் சுருளுமே. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் மிக நுண்ணிய மின்சாரம் பிறக்கிறது. ஒலிபெருக்கி அதைப் பெரிதாக்குகிறது. அக்கருவிக்குள் வேறு மின்விசை கிடையாது. தொனிக் குமிழைத் திருப்பிக் கூர்மையைக் குறைக்கலாமேயன்றி, விரல் கொடுக்காத ஒன்றைக் கூட்ட முடியாது.

புதியதில் ஐந்து தந்திகள், இரண்டு பிக்கப்புகள். பின்புறத்தில் 9 வோல்ட் பேட்டரி ஒன்றும் இருக்கிறது. அதன் விசையால் இயங்கும் சிறு மின்சுற்று, அடிநாதம், நடுநாதம், மேல்நாதம் ஆகியவற்றைத் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் செய்கிறது. இம்முறையை உலகறியச் செய்தது 1976 இல் வெளிவந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே என்னும் கருவி. அதை உருவாக்கியதிலும் அதே லியோ ஃபெண்டருக்குப் பங்கு உண்டு. ஆகவே, பழைய வழியையும் புதிய வழியையும் பகைவர்களாக எண்ண வேண்டியதில்லை. இரண்டிலும் ஒரே மனிதரின் கை பட்டிருக்கிறது.

ஐந்தாவது தந்தி எதற்கு என்று மூத்தோர் சிலர் கேட்டீர்கள். நான்கு தந்திக் கருவியின் மிகத் தாழ்ந்த சுரம் இ. அது நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. ஐந்தாவது தந்தியாகிய பி ஏறத்தாழ 31 முறை அதிர்கிறது. நாம் இரண்டு கட்டையில், அதாவது டி சுருதியில் பாடும் பாடல்களை எண்ணிப் பாருங்கள். பழைய கருவியில் அந்தப் பாடலுக்குரிய ஆதார சுரம் மேல் ஸ்தாயியில்தான் கிடைக்கும். இ தந்திக்குக் கீழே அதனால் இறங்க முடியாது. புதியதில் ஐந்தாவது தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டில் அந்த டி இருக்கிறது. நம்முடைய சிறிய ஒலிபெருக்கிகளால் அத்தனை தாழ்ந்த அதிர்வை முழுமையாகத் தர இயலாது என்பதும் உண்மை. ஆயினும், அந்த அடிநாதம் தொடங்கும்போது பாட்டுக்குக் கீழே தரை அமைந்தது போன்ற ஓர் உறுதி பிறக்கிறது.

தந்திகளிலும் வேறுபாடு உண்டு. பழையதில் இருப்பவை தட்டைச் சுற்றுத் தந்திகள். கடைக்காரர்கள் ஃபிளாட்வூண்ட் என்பார்கள். தடவினால் வழுவழுப்பாக இருக்கும். ஓசை சுருக்கமாகவும் உருண்டையாகவும், ஏறக்குறைய மத்தளத்தின் தொப்பிப் பக்கத்தைத் தட்டியதுபோலவும் பிறக்கும். புதியதில் இருப்பவை உருண்டைச் சுற்றுத் தந்திகள். ஓசை பளிச்சென்று எழுந்து நீண்டு நிற்கும். ஆனால் நாம் வாழ்வது கனகசெட்டிக்குளத்தில். ஒரு பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலை, மறுபக்கம் கடல். உப்புக் காற்றும் விரலின் வியர்வையும் இத்தந்திகளின் வரிப்பள்ளங்களில் தங்கிச் சில வாரங்களிலேயே பளபளப்பைத் தின்றுவிடும். ஆகவே வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை: வாசித்து முடித்ததும் தந்திகளை உலர்ந்த துணியால் துடையுங்கள், ஒலிபெருக்கிக்குச் செல்லும் வயரைக் கருவியிலிருந்து பிடுங்கிவிடுங்கள். வயர் செருகியிருக்கும் வரையில், ஒருவரும் வாசிக்காவிட்டாலும் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும்.

இவையெல்லாம் கருவியின் இலக்கணம். ஆராதனையில் எது நன்று என்பதை அறிய, சென்ற சனிக்கிழமை மாலை ஒரு சிறு சோதனை செய்தோம். ஒரே ஒலிபெருக்கி, அதன் குமிழ்களை ஒருவரும் தொடவில்லை. பெண்கள் ஐக்கியத் தாய்மார் சிலர் கண்களை மூடி அமர்ந்து, கேட்டபடியே பாடினார்கள். மெதுவான கீர்த்தனை ஒன்றைப் பழைய கருவியோடு பாடியபோது குரல்கள் இயல்பாக எழுந்தன. கீர்த்தனைகளுக்கு உயிர் மெட்டும் தாளமுமே. ஆதார சுரத்தையும் பஞ்சமத்தையும் தொட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் பேஸே அவற்றுக்குப் போதும். புதியதில் அதையே வாசித்தபோது, ஓசை அழகாயிருந்தும், சிலர் பாடுவதை நிறுத்திக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் விரைந்து செல்லும் புதிய பாடலில், இரண்டு கட்டையில், நிலைமை மாறியது. பழையதில் அடித்தளம் மெலிந்து ஒலித்தது. புதியதின் தாழ்ந்த டி எழுந்தபோது எல்லாரும் கைதட்டிப் பாடினார்கள்.

பிறகு கருவிகளைக் கைமாற்றச் சொன்னேன். மூத்த சகோதரர் முதலில் மறுத்தார். "இந்தக் கழுத்து எனக்குப் பழகாதுங்க, ஐயா" என்றார். வற்புறுத்தியபின் வாங்கி, வலக் கையின் கட்டைவிரலை ஐந்தாவது தந்தியின்மேல் ஊன்றிக்கொண்டு, மற்ற நான்கு தந்திகளிலும் வாசித்தார். கண் திறவாமலே ஒரு தாயார், "இப்ப வாசிக்கிறது அவருதானே?" என்றார். புதிய கருவியிலும் அவருடைய தொனி பிறந்திருந்தது. பழைய கருவியை ஏந்திய இளைஞனுக்கோ ஓசை மெலிந்தே வந்தது. குமிழ்களைத் திருகிப் பார்த்தான், கூடவில்லை. உதவிக்குப் பேட்டரியும் இல்லை. "அண்ணே, நீங்க எப்படி அடிக்கிறீங்க?" என்று கேட்டான். அவர் அவன் கையைப் பிடித்துக் கழுத்தின் ஓரமாக நகர்த்தினார். "அடிக்காத, தம்பி. வலைக் கயிறு கையில போற மாதிரி விரலை விட்டு எடு" என்றார். பதிலுக்கு அவன், புதியதின் மூன்றாம் ஃபிரெட்டில் அந்தத் தாழ்ந்த டி இருக்குமிடத்தைக் காட்டினான். அவர் அதை ஒருமுறை மீட்டி, ஓசை முழுவதும் அடங்கும்வரை அப்படியே இருந்தார். பின்பு மறுபடியும் மீட்டினார்.

பிரியமானவர்களே, பேஸ் வாசிப்பவர்களின் பங்கு எப்போதும் இத்தகையதே. அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனத்துப் பாடல்களில் ஜேம்ஸ் ஜேமர்சன் என்பவர் பேஸ் வாசித்தார். 1962 ஆம் ஆண்டின் பிரிசிஷன் பேஸ், தட்டைச் சுற்றுத் தந்திகள், பெரும்பாலும் வலக் கையின் ஆட்காட்டி விரல் ஒன்று: இவ்வளவே அவருடைய முதல். உலகமெங்கும் கோடிக்கணக்கானோர் அந்தப் பாடல்களைக் கேட்டார்கள். 1971 இல் மார்வின் கேயின் இசைத்தட்டு ஒன்றில் அச்சாகும்வரை அவர் பெயர் உறைகளில் இல்லை. நம் நாட்டிலும் அப்படித்தான். இளையராஜாவின் இசையில் பேஸ் கிட்டார் தனியொரு மெட்டாகவே நடந்து செல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதை வாசித்த சசிதரனின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? ஏ. ஆர். ரகுமானின் பாடல்களில் பேஸ் வாசித்த கீத் பீட்டர்ஸைத் தெருவில் கண்டால் எத்தனை பேர் அடையாளம் காண்போம்? பாடியவர் பெயர் நம் நாவில் இருக்கிறது. பாட்டைத் தாங்கியவர் பெயர் தெரிவதில்லை.

வேதம் அப்படி விட்டுவிடவில்லை. 1 நாளாகமம் 15 ஆம் அதிகாரத்தில், உடன்படிக்கைப் பெட்டியைத் தாவீது எருசலேமுக்குக் கொண்டுவரும்போது வாத்தியம் வாசித்தவர்களின் பட்டியல் இருக்கிறது. 21 ஆம் வசனத்தில் ஆறு பேர் செமினீத் என்னும் முறையில் வாசித்ததாகக் காண்கிறோம். எட்டாவது என்னும் பொருளுடைய இச்சொல், தாழ்ந்த ஸ்தாயியைக் குறிக்கும் என்று வேத அறிஞர் சிலர் விளக்குகின்றனர். அவ்விளக்கம் சரியாயின், அவர்கள் அன்றைய பேஸ் வாசிப்பாளர்கள். மத்தித்தியா தொடங்கி அந்த ஆறு பேரையும் வேதம் பெயர் சொல்லி எழுதி வைத்திருக்கிறது. வாசிக்கையில் நாம் விரைந்து கடந்துபோகும் வசனம் அது. ஆனால் தேவன் அவர்களைக் கடந்துபோகவில்லை.

ஆகவே, அந்த மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லுகிறேன். வித்தியாசம் என்னவென்றால், பழைய கருவி வாசிப்பவரின் விரலிலிருந்து எல்லாவற்றையும் கேட்கிறது. புதிய கருவி அவருக்கு அதிக இடமும் அதிக உதவியும் தருகிறது. இரண்டையும் அளக்க ஆராதனையில் ஒரே அளவுகோல்தான் உண்டு: சபை நன்றாகப் பாடுகிறதா? மக்கள் பாட்டை நிறுத்திக் கேட்கும்படி வாசித்தால், எத்தனை விலையுயர்ந்த கருவியானாலும் அது அந்நேரத்தில் தன் வேலையைச் செய்யவில்லை.

பழையதை விற்கப் போவதில்லை. தன் பெட்டகத்திலிருந்து புதியதையும் பழையதையும் ஒருங்கே எடுத்து வழங்கும் வீட்டுத் தலைவனைப்பற்றி ஆண்டவர் மத்தேயு 13 ஆம் அதிகாரத்தில் பேசுகிறார். புதியதை மட்டும் வைத்திருப்பவனையும், பழையதை மட்டும் பூட்டி வைத்திருப்பவனையும் அவர் அங்கே புகழவில்லை. இரு கருவிகளும் மேடையில் நிற்கும். கீர்த்தனைகளுக்கு எது, புதிய பாடல்களுக்கு எது என்பதைப் பாடற்குழுவே தீர்மானிக்கட்டும்.

மூன்றாவது கேள்விக்கு விடையைச் சகோதரரே தந்துவிட்டார். சனிக்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்கு அவர் வாலிபர்களுக்குக் கற்றுக்கொடுக்க இசைந்திருக்கிறார். ஐந்தாவது தந்தியைத் தமக்கு அவர்கள் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதே அவர் கேட்ட கைம்மாறு. வருகிற ஞாயிறு முதற்கொண்டு அவரைப் பின்வரிசையில் தேடாதீர்கள்.

உங்களிடம் ஒன்று வேண்டுகிறேன். இந்த வாரம், உங்கள் வீட்டிலும் வேலையிடத்திலும் சபையிலும் ஓசையின்றி உங்களைத் தாங்கிக்கொண்டிருக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து உலை வைப்பவராக இருக்கலாம்; ஆராதனைக்கு முன் பாய்களை விரித்துப் போடுபவராக இருக்கலாம். அவர் பின்வரிசைக்குப் போகும்வரை காத்திராமல், பெயர் சொல்லி அழைத்து நன்றி சொல்லுங்கள்.

எல்லாரையும் பெயர் அறிந்து நடத்துகிற கர்த்தர் உங்களோடிருப்பாராக. ஆமென்.