கப்பல் உடைந்து பிறந்த குலம்

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில் ஒருவரை மதிப்போடு அழைக்க வேண்டுமென்றால் குலப்பெயரைச் சொல்லித்தான் அழைப்பார்கள். நெல்சன் மண்டேலாவை ஊரே ‘மடிபா’ என்றது அப்படித்தான். மண்டேலா என்பது அவருடைய பாட்டனார் பெயர். மடிபாவோ அதற்கும் முன்பு, 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தெம்பு மக்களின் தலைவர். குலப்பெயருக்குக் கோசா மொழியில் ‘இசிடூகோ’ என்று பெயர். தகப்பன் வழியில் வரும். ஒரே இசிடூகோக்காரர்கள் பங்காளிகள். எத்தனை தலைமுறை தள்ளிப் போனாலும் பெண் கொடுக்கவோ எடுக்கவோ மாட்டார்கள்.

அந்தக் குலப்பெயர்களுக்கிடையே ‘அபேலுங்கு’ என்ற ஒன்றைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். வெள்ளைக்காரர்கள் என்று பொருள். குலத்தாரோ கோசா பேசி, முன்னோருக்கு மாடு அறுத்துப் படைக்கிற கறுப்பின மக்கள். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

பலரும் கைகாட்டுவது ‘கிராஸ்வெனர்’ கப்பலை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஓடிய அது, சென்னைக்கு வந்துவிட்டு, 1782 ஜூனில் திருகோணமலையிலிருந்து இங்கிலாந்துக்குக் கிளம்பியது. ஆகஸ்ட் 4 அன்று இன்றைய கிழக்குக் கேப்பிலுள்ள பொண்டோ நாட்டுக் கரையில் மோதி உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் கரையேறினார்கள். ஊர் திரும்பியவர்கள் சொற்பம்.

ஆனால் அந்தக் கப்பலின் ஆட்களைத் தேடி 1790இல் போன யாக்கோப் வான் ரீனனின் நாட்குறிப்பு வேறு கதை சொல்கிறது. அவர் கண்டது, கரை ஒதுங்கியவர்களின் வழிவந்த சுமார் 400 பேர் வாழ்ந்த ஓர் ஊரை. அங்கே மூன்று வெள்ளைக்கார மூதாட்டிகள் இருந்தார்கள். குழந்தையாகக் கரை சேர்ந்ததால் தங்கள் தாய்நாடு எதுவென்றே அவர்களுக்குத் தெரியவில்லை. அழைத்துப் போகிறேன் என்றதற்கு, அறுவடை முடியட்டும், பிள்ளைகள் பேரன்களோடு வருகிறோம் என்றார்களாம். எட்டே வருடத்தில் பேரன்கள் ஏது? இவர்கள் வேறொரு கப்பலின் மிச்சம்.

அதே கரையில் ஒதுங்கிய பெஸ்ஸி என்ற சிறுமியின் கதை பெரும்புகழ் பெற்றது. வளர்ந்து ட்ஷோமானே குலத் தலைவருக்கு வாழ்க்கைப்பட்டாள். ஆனாலும் அபேலுங்குக்காரர்கள் அவளை மூலவராகச் சொல்வதில்லை. அவள் பிள்ளைகள் தகப்பன் குலத்தில் சேர்ந்துவிட்டார்கள். குலம் தொடங்கியது, கரையேறிய ஆண்களால்தான். ஜெக்வா, ஹாட்டு என்று அவர்கள் பெயர்கள் இன்றும் குலத் துதியில் ஒலிக்கின்றன. பக்கத்திலேயே ‘அமாமோலோ’ என்றொரு குலம்; அதன் மூலவர்களான பாயியும் பீட்டாவும் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்கிறது அவர்கள் மரபு. இந்தியப் பெருங்கடல் கப்பல்களில் ஆசிய மாலுமிகளும் அடிமைகளும் இருந்தது தெரிந்த செய்திதான்.

எனக்குப் புரிந்தது இது: குலமில்லாதவனுக்கு அங்கே கல்யாணமும் இல்லை, சடங்கும் இல்லை. அதனால் வந்தேறியை விலக்கி வைக்காமல் அவனையே ஒரு குலத்துக்கு மூலவனாக்கிவிட்டார்கள். அவன் வெள்ளையன் என்பது பெயரில் மட்டும் தங்கியது. மற்ற எல்லா முறைகளும் அவன் பிள்ளைகளுக்கும் பொதுவாயின.

1950இல் நிறவெறி அரசு மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் கொண்டுவந்து ஒவ்வொருவரையும் இனம் பிரித்து எழுதியது. வெள்ளையர் என்று பெயர் கொண்ட குலத்தாரும் அதில் கறுப்பர்களாகவே பதிவானார்கள். அந்தச் சட்டம் 1991இல் ஒழிந்தது. அபேலுங்கு பையன் அபேலுங்குப் பெண்ணைக் கட்டக் கூடாது என்ற சட்டத்துக்கு இன்றும் ஒரு குறையுமில்லை.