எழுபது வளைவுக்கு ஒரு சீல்

கொல்லிமலையில், செம்மேட்டுக்குச் சற்றுத் தள்ளி, மிளகுக்கொடி ஏறிய மரத்தடியில் நிற்கிறது ஜீப். மகிந்திரா சிஜே3பி. அமெரிக்காவில் 1968-ல் நின்றுபோன மாடல். மகிந்திரா அதற்குப் பிறகும் பல வருஷம் தயாரித்தது.

வண்டிக்காரருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். மடித்துக் கட்டிய கைலி, பனியன். முதல் வேலையாக நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கல் வைக்கிறார்.

"ஹேண்ட்பிரேக் போட்டாச்சே மாமா?" என்கிறான் தங்கை மகன்.

பதில் இல்லை. இன்னொரு கல்லைக் காலால் உதைத்து இறுக்குகிறார். இந்த ஜீப்பில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் கிடையாது. கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்பர் கேஸில், பின்பக்கப் புரொப்பெல்லர் ஷாப்டைத்தான் அது பிடிக்கும். ஷாப்டைக் கழற்றிவிட்டால் கியரும் சரி, ஹேண்ட்பிரேக்கும் சரி, பின்சக்கரத்தை நிறுத்தாது.

கோளாறும் அங்கேதான். ஷாப்ட் வெளிவரும் வாயில் ஆயில் சீல் போய்விட்டது. கசிந்த எண்ணெய் பிரேக் டிரம்முக்குள் இறங்கி லைனிங்கை நனைத்திருக்கிறது. சமவெளியில் என்றால் அடியில் ஓர் அட்டையை விரித்துவிட்டு நாளைக் கடத்தலாம். மலையடிவாரக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறுகிற வண்டிக்கு அது ஆகாது. எதிரே பஸ் வந்தால் ஏற்றத்தில் நிறுத்தித்தான் தீரவேண்டும்.

வடிக்கும் பிளக்கைத் தொடுமுன் ஊற்றும் பிளக்கைத் திறந்து பார்க்கிறார். நல்ல பழக்கம். எண்ணெயை எல்லாம் வடித்துவிட்டு, ஊற்றும் பிளக் திறக்காமல் முழித்தவர்கள் உண்டு.

மல்லாந்து உள்ளே போகிறார். வெளியே தெரிவது பாதங்கள் மட்டும். கை நீள்கிறது, பையன் ஸ்பானரை வைக்கிறான்.

"இது இல்லடா, பெருசு."

டிரம் கழன்று வரும்போது கியர் ஆயிலின் கந்தக நெடி சுற்றிலும் பரவுகிறது. நெம்பி எடுத்த சீலை விரலால் அமுக்குகிறார். ரப்பர் வளையவில்லை, விறைத்துப்போயிருக்கிறது. பிறகுதான் விஷயம். சீல் உரசும் இரும்புக் கழுத்தைப் பனியன் வேஸ்டால் துடைத்து, கட்டைவிரல் நகத்தை அதன்மேல் குறுக்கே இழுக்கிறார். நகம் ஓரிடத்தில் தட்டுகிறது. பழைய சீல் வருஷக்கணக்கில் சுற்றிச் சுற்றி அறுத்த பள்ளம். புது சீலின் உதடும் அதே பள்ளத்தில் உட்கார்ந்தால் சீக்கிரமே மறுபடி கசியும்.

உப்புத்தாளால் பிசிறைத் தேய்க்கிறார். நாமக்கல்லிலிருந்து வாங்கிவந்த சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, ஸ்பிரிங் பக்கம் உள்ளே பார்க்க வைத்து, மரக்கட்டை கொடுத்துச் சுற்றிலும் ஒரே அளவாகத் தட்டுகிறார். முழுக்க உள்ளே இறக்கவில்லை. ஒரு நூல் வெளியே நிறுத்துகிறார். உதடு இப்போது பள்ளத்தை விட்டு விலகி வழவழப்பான இடத்தில் உட்காரும்.

டிரான்ஸ்பர் கேஸின் மூச்சுத்துளையில் கம்பி விட்டு மண்ணை எடுக்கிறார். அது அடைத்திருந்தால் ஏற்றத்தில் சூடேறி, உள்ளே சேரும் அழுத்தம் புது சீலையும் மீறி எண்ணெயைத் தள்ளும்.

நனைந்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவலாமா என்று பையன் கேட்கிறான். அவர் அதை வேலியோரம் எறிகிறார். சரியான முடிவு. எண்ணெய் ஊறிய லைனிங் சூடு பட்டால் திரும்பக் கக்கும்.

புது லைனிங் மாட்டி, தொண்ணூறு நம்பர் ஆயிலை ஊற்றும் வாயில் வழிகிறவரை விட்டு மூடுகிறார்.

பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: ஹேண்ட்பிரேக் நழுவினால், கேபிளை இறுக்குவதற்கு முன் டிரம்முக்குள் எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள்.