விலைபோன மாதா கோயில்

பிரான்ஸின் நார்மண்டியில், ரூவான் நகரைத் தாண்டியதும் செய்ன் ஆறு பெரிய பெரிய வளைவுகளாகத் திரும்பிப் போகிறது. அப்படி ஒரு வளைவுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் சிற்றூர் ஜுமியேஜ். தென்கரையிலிருந்து நாங்கள் போன வழியில் பாலம் இல்லை. காரோடு படகில் ஏற்றி அக்கரையில் இறக்கிவிட்டார்கள், கட்டணம் கிடையாது. கரையேறினால் ஆப்பிள் தோப்புகள். ஊருக்குள் போனதும் இரண்டு வெண்கல் கோபுரங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 46 மீட்டர். அடியில் சதுரம், மேலே போகப் போக எண்கோணம்.

புனித பிலிபேர் 654ஆம் ஆண்டு நிறுவிய மடம் இது. 841இல் வைக்கிங்குகள் ஆற்றோடு வந்து எரித்தார்கள். இன்று நாம் பார்க்கும் மாதா கோயிலை 1040 வாக்கில் தொடங்கியவர் மடாதிபதி ரொபேர். பின்னாளில் இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராயரானவர். 1067இல் நடந்த அர்ச்சிப்புக்கு, முந்தைய ஆண்டுதான் இங்கிலாந்தை வென்றிருந்த வில்லியமே வந்திருந்தார்.

உள்ளே கூரை இல்லை. தலைக்கு மேல் வானம்தான். இருபுறமும் ஒரு உருண்டைத் தூண், அடுத்தது பல தண்டுகளைச் சேர்த்துக் கட்டிய கனத்த தூண் என்று மாறி மாறி வருகின்றன. அவற்றின் மேல் கூர்முனையில்லாத அரைவட்ட வளைவுகள். ரோமானெஸ்க் கட்டடக்கலையைப் படத்தில் பார்ப்பதைவிட இந்தத் தூண்களைத் தொட்டுப் பார்த்தால் சட்டென்று புரிந்துவிடும்.

இவ்வளவு பெரிய கோயில் எப்படி இடிந்தது? போரும் இல்லை, பூகம்பமும் இல்லை, வியாபாரம். பிரெஞ்சுப் புரட்சி மடத்துச் சொத்துகளை அரசுடைமையாக்கியது. துறவிகள் 1790இல் வெளியேறினார்கள். அடுத்து மடம் தனியாரிடம் விலைபோனது. வாங்கியவர்களுக்கு அது கல்குவாரி. வெடி வைத்துத் தகர்த்துக் கல்லை விற்றார்கள். நடுக்கோபுரத்தில் இன்று எஞ்சியிருப்பது ஒரே ஒரு பக்கச் சுவர். அதை ஒட்டி ஒல்லியான ஒரு படிக்கட்டுத் தூபி. இங்கிருந்து போன செதுக்குக் கற்கள் சில, இங்கிலாந்தின் ஹைகிளிஃப் மாளிகையில் பதிக்கப்பட்டிருக்கின்றன.

1824இல் இதன் உரிமையாளரான காசிமிர் கோமோன்தான் இடிப்பை நிறுத்தினார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அரசு வாங்கிக்கொண்டது.

எரித்துவிட்டுப் போனவர்களைவிட விலை பேசியவர்களே இந்த மடத்துக்கு அதிகக் கேடு செய்தார்கள் என்பேன். பாரிஸுக்குப் போகிறவர்கள் ரூவான் பேராலயத்தோடு திரும்பிவிடாதீர்கள். ஜுமியேஜுக்கும் அரை நாள் ஒதுக்குங்கள்.