வாசலில் நிற்கும் சிறு தேர்

புதிதாக வாங்கிய காரை முதன்முதலில் கோயில் வாசலுக்கு ஓட்டிச் செல்வது நம் குடும்பங்களில் நிலைபெற்றுவிட்ட வழக்கம். அர்ச்சகர் முன்புறம் சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சாத்தி, கற்பூர ஆரத்தி காட்டுகிறார். சக்கரங்களின் அடியில் வைத்த எலுமிச்சம்பழங்களை நசுக்கியபடி வண்டி மெல்ல நகர்கிறது. சென்னை பல்லவன் சாலையில் எழுந்தருளியிருக்கும் பாடிகாட் முனீஸ்வரர் சந்நிதியில் இக்காட்சியைத் தினந்தோறும் காணலாம். இந்தப் பூஜை கால் மணி நேரத்தில் நிறைவடைந்துவிடும். ஆனால் அந்த வாகனமோ பத்துப் பதினைந்து ஆண்டுகள் குடும்பத்தைச் சுமக்க வேண்டியது. அத்தனை ஆண்டுகளும் அந்தப் பூஜையின் பொருளை எவ்வாறு காப்பது என்பதைச் சற்றே சிந்திக்கலாம்.

இதற்கு விடை நம் கோயில் தேர்களிலேயே இருக்கிறது. திருவாரூர் ஆழித்தேர் சுமார் 96 அடி உயரமும், ஏறக்குறைய 300 டன் எடையும் கொண்டது. வடம் பிடிப்போர் ஆயிரக்கணக்கானோர். ஆயினும் அத்தேர் வளைந்து திரும்புவதும், வேண்டிய இடத்தில் நிற்பதும் சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையுடன் நிற்கும் சிலரின் கைகளில் உள்ளது. பிற்காலத்தில் அத்தேருக்கு இரும்பு அச்சுகளும் சக்கரங்களும், திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தப்பட்டன. தியாகேசப் பெருமானே எழுந்தருளும் தேராயிற்றே, சோதனை எதற்கு என்று எவரும் கேட்கவில்லை. பெருமான் எழுந்தருளுகிறார் என்பதனாலேயே அச்சும் சக்கரமும் ஆராயப்படுகின்றன. பக்தியும் பராமரிப்பும் அங்கே இரண்டல்ல. வீட்டு வாசலில் நிற்கும் சிறு தேருக்கும் இதுவே நியதியாக வேண்டும்.

அந்தச் சிறு தேரைத் தேர்ந்தெடுப்பதிலிருந்தே இது தொடங்குகிறது. கும்பகோணத்தில் வாழும் ஒரு குடும்பம். தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேத்தி என ஐவர். பாட்டிக்கு 78 வயது. வியாழன்தோறும் ஆலங்குடி குரு பகவானைத் தரிசித்து வந்தவர், மூன்று ஆண்டுகளாகப் போவதை நிறுத்திவிட்டார். வீட்டார் அழைக்கும்போதெல்லாம், “நீங்க போயிட்டு வாங்க. எனக்குக் குங்குமம் கொண்டுவந்தாப் போதும்” என்பார். முதுமையின் அயர்ச்சி, கோயில் நாட்டமும் குறைந்துவிட்டது போலும் என்று வீட்டார் எண்ணிக்கொண்டனர்.

பழைய காரை மாற்ற வேண்டிய வேளை வந்தது. ஊரார் மெச்சும் பெரிய வண்டி ஒன்றின் மீது மகனுக்கு ஆசை. தாத்தாவோ, “எதை வாங்கினாலும் உங்கம்மாவை உட்கார வச்சுப் பார்த்துட்டு வாங்கு” என்று ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். அவ்வாறே பாட்டியையும் ஷோரூமுக்கு அழைத்துச் சென்றனர்.

தாழ்ந்த செடான் வகைக் காரில் அமர்வது பாட்டிக்குக் கிணற்றில் இறங்குவது போல் இருந்தது; எழுவதற்கு இருவர் கைகொடுக்க வேண்டியதாயிற்று. மகன் விரும்பிய பெரிய வண்டியோ, ஏணியில் ஏறுவது போல் காலை உயரத் தூக்கி வைக்கச் சொன்னது. மூட்டு வலி உள்ளவரால் அது இயலுமா? மூன்றாவதாகப் பார்த்தது, கூரை சற்று உயர்ந்த சிறிய கார். அதன் இருக்கை பாட்டியின் இடுப்புக்குச் சற்றே தாழ்ந்த உயரத்தில் இருந்தது. கதவும் அகலத் திறந்தது. பாட்டி இருக்கைக்கு முதுகு காட்டி நின்று, முதலில் அமர்ந்து, பிறகு இரண்டு கால்களையும் ஒன்றாக உள்ளே திருப்பிக்கொண்டார். மேலே இருந்த கைப்பிடியை ஒருமுறை பற்றிப் பார்த்தார். விலையைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ அவர் ஒன்றும் கேட்கவில்லை. “இதுல ஆலங்குடிக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?” என்று மட்டும் கேட்டார். மூன்று ஆண்டுகளாகத் தாயைத் தடுத்தது பழைய வண்டியின் தாழ்ந்த இருக்கையே என்பது மகனுக்கு அப்போதுதான் புலப்பட்டது.

குடும்பத்திற்கான காரைத் தேர்ந்தெடுப்பதில் முதல் இலக்கணம் இதுவே. குடும்பத்தில் யாருக்கு உடல் மிகவும் தளர்ந்திருக்கிறதோ, அவருடைய முழங்காலை அளவுகோலாகக் கொள்ள வேண்டும். மற்றவை யாவும் அதன் பின்னரே. சக்கர நாற்காலியோ, நடைதாங்கியோ பயன்படுத்துவோர் இருந்தால், அதை ஷோரூமுக்கே கொண்டுசென்று டிக்கியில் வைத்துப் பார்ப்பது நலம். சிஎன்ஜி வண்டிகளில் எரிவாயு உருளை டிக்கியின் இடத்தைப் பெரிதும் எடுத்துக்கொள்ளும். எரிபொருள் செலவு குறைகிறதே என்று மட்டும் பார்த்து வாங்கியவர்கள் பின்னர் நாற்காலியை வைக்க இடமின்றித் தவிப்பதுண்டு.

கோயில் ஊர்களின் சந்நிதித் தெருக்கள் குறுகியவை. 4 மீட்டருக்கு உட்பட்ட நீளமுள்ள வண்டி அங்கே எளிதில் திரும்பும். அத்தகைய சிறு வண்டிகளுக்கு, பெட்ரோல் எஞ்சின் 1200 சிசியைத் தாண்டாதவரை, வரியும் குறைவு. ஐவர் அமர்ந்தால் வண்டி சற்றுத் தாழும்; கிராமத்து வேகத்தடைகளில் அடிப்பாகம் தட்டாதிருக்கத் தரையிலிருந்து போதிய உயரம் இருக்கிறதா என்பதையும், ஐவரையும் ஏற்றி ஓட்டிப் பார்த்தே அறிய வேண்டும். நாள்தோறும் அருகிலுள்ள கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் மட்டுமே செல்லும் வீட்டிற்கு டீசல் வண்டி பொருந்தாது. இக்கால டீசல் வண்டிகளில் உள்ள புகைக்கரி வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள நெடுஞ்சாலையில் சீரான நீண்ட ஓட்டம் தேவை. குறுகிய ஓட்டத்தில் அது அடைத்துக்கொள்ளும்.

தேர்ந்தெடுத்த வண்டியைக் காப்பது அடுத்த கடமை. “மாதத்துக்கு நாலு தடவைதானே எடுக்கிறோம், சர்வீஸ் எதுக்கு?” என்பது பல இல்லங்களில் கேட்கும் பேச்சு. உண்மையில், அதிகம் ஓடாத வண்டிக்கே கவனம் அதிகம் தேவை. எஞ்சின் ஆயிலுக்கு உற்பத்தியாளர்கள் கிலோமீட்டரோடு காலக்கெடுவையும் குறிப்பிடுகின்றனர். பெரும்பாலான வண்டிகளுக்கு அது 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முன்னதோ அது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. ஆகவே வண்டி ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுகளுக்கொருமுறை அதை மாற்றிவிடுவது நல்லது. பல வாரங்கள் நின்றுவிட்ட வண்டியில் பேட்டரி இறங்கிவிடும். எலிகள் பானட்டுக்குள் குடிபுகுந்து வயர்களைக் கடித்துவிடும். வாரம் ஒருமுறையேனும் அரைமணி நேரம் ஓட்டுவது இரண்டுக்கும் மருந்து.

டயருக்கும் வயது உண்டு. அதன் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் குறியீட்டின் இறுதியில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2321 என்றிருந்தால், 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். தேய்மானம் தெரியாவிட்டாலும், ஐந்தாறு ஆண்டுகளில் ரப்பர் இறுகி வெடிப்புவிடத் தொடங்கும். அதன்பின் நெடும்பயணத்துக்கு அதை நம்பலாகாது. காற்றழுத்தத்தை வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன் பார்க்க வேண்டும். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவை ஒட்டிய சட்டத்தில் அச்சிடப்பட்டிருக்கும். முழுச் சுமைக்குத் தனி அளவு உண்டு என்பதையும் அங்கே காணலாம். ஸ்டெப்னியையும் மறக்கக்கூடாது.

இவற்றையெல்லாம் நினைவில் வைத்திருக்க நம் முன்னோர் ஏற்படுத்திய நாளே போதும். ஆயுத பூஜை பெரும்பாலும் புரட்டாசியில் வருகிறது. அதனை அடுத்து ஐப்பசி அடைமழை. வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னதாகவே கருவிகளைத் துடைத்து, ஆராய்ந்து, வணங்கும் நாள் அமைந்திருக்கிறது! அன்று காரைக் கழுவிப் பொட்டு வைப்பதோடு நில்லாமல், வைப்பர் ரப்பர், விளக்குகள், பிரேக், டயர் ஆகியவற்றை அதற்கு முந்தைய வாரமே மெக்கானிக்கிடம் காட்டிவிட்டால், அந்தப் பூஜை முழுமை பெறும். விளக்குகளின் மேல் இட்ட சந்தனத்தைப் பூஜை முடிந்ததும் துடைத்துவிட வேண்டும். இல்லையேல் இரவில் ஒளி மங்கும்.

பக்தியின் பெயரால் நாம் வண்டிக்குள் வைக்கும் பொருள்களிலும் கவனம் தேவை. முன்புறத்தில் பிள்ளையாரோ, முருகனோ சிறு விக்கிரகமாக வீற்றிருப்பது கண்ணுக்கும் மனத்துக்கும் இதமே. ஆனால் ஓட்டுநருக்கு அருகில் அமர்பவரின் எதிரே, அந்தப் பலகைக்குள் ஏர்பேக் மடிக்கப்பட்டிருக்கிறது. மோதல் நேர்ந்தால் அது கண்ணிமைப்பதற்குள் வெடித்து விரியும். மேலே ஒட்டியிருக்கும் உலோக விக்கிரகம் அமர்ந்திருப்பவரின் முகத்தை நோக்கிப் பாயும். காக்கும் தெய்வத்தின் திருவுருவம் காயத்துக்குக் காரணமாகலாமா? ஏர்பேக் மூடியைத் தவிர்த்து, சிறிய படமொன்றை நடுவே ஒட்டிக்கொள்வதே முறை. கண்ணாடியில் தொங்கும் கனத்த மாலையும் பார்வையை மறைக்கும். அர்ச்சனைத் தேங்காய், எலுமிச்சம்பழம், தண்ணீர்ப் புட்டி ஆகியவற்றை ஓட்டுநரின் காலடியில் வைக்கவே கூடாது. உருண்டு சென்று பிரேக் மிதியின் அடியில் சிக்கினால், காலால் அழுத்தியும் வண்டி நிற்காது.

பின் இருக்கையில் அமர்வோரும் சீட் பெல்ட் அணிய வேண்டும் என்பது சட்டம். “பின்னாடிதானே உட்கார்ந்திருக்கோம்” என்று பெரியவர்கள் அதை ஒதுக்குவதுண்டு. முதுமையில் எலும்பு மெலிந்திருப்பதால் அவர்களுக்கே அது மிகுதியாக வேண்டும். பட்டை வயிற்றின் மேல் இல்லாமல் இடுப்பெலும்பின் மேல் தாழப் படிந்திருக்க வேண்டும்.

மற்றொன்று, நெஞ்சைப் பதறச் செய்வது. நடக்க முடியாத பெரியவரை, “நீங்க வண்டியிலேயே இருங்க, பத்து நிமிஷத்துல வந்துடறோம்” என்று கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே செல்வது. கோயில்களில் பத்து நிமிடம் என்பது ஒரு மணி நேரமாவதை அறியாதவர் யார்? வெயிலில் மூடிய காருக்குள் வெப்பம் சில நிமிடங்களிலேயே ஆபத்தான அளவுக்கு ஏறும். முதியவருக்கும் குழந்தைக்கும் அது உயிருக்கே உலையாகலாம். ஒருவர் துணையிருந்து, நிழலில் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்து, முறை மாற்றிக்கொண்டு தரிசிக்கலாம். அவ்வாறு காத்திருப்பதும் ஒரு சேவையே.

மலைக்கோயில் யாத்திரைக்கு ஒரு சொல். அறப்பளீஸ்வரர் அருள்பாலிக்கும் கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது எஞ்சின் உழைக்கிறது. இறங்கும்போது, ஓட்டுநர் அறியாதவராயின், பிரேக் மட்டுமே உழைக்கும். இடைவிடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். ஏறிய அதே தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கை அவ்வப்போது தொட்டால் போதும். கியரை விலக்கிவிட்டு இறங்குவது எரிபொருளைச் சேமிப்பதற்காக உயிரைப் பணயம் வைப்பதாகும்.

தேரும் வண்டியும் பேசப்படும் இடத்தில், திருவாரூர் வீதியில் நிகழ்ந்ததாகப் பெரியபுராணம் கூறும் வரலாறு நினைவில் எழாமல் இராது. மனுநீதிச் சோழரின் மைந்தன் தீங்கு நினைத்துத் தேர் செலுத்தியவனல்லன். துள்ளி வந்த கன்றை அவன் காணவில்லை, அவ்வளவே. ஆயினும் காணாமை குற்றத்தைப் போக்கிவிடும் என்று அவன் தந்தை கருதவில்லை. தேர்க்காலில் ஒரு கன்றின் உயிர் சிக்கியது, ஓர் அரசின் அறத்தையே சோதிக்கும் செய்தியாயிற்று. இன்று காரைப் பின்னோக்கி எடுக்குமுன் இறங்கி ஒருமுறை சுற்றிப் பார்ப்பதும், கண்ணாடிகளைத் துடைத்து வைப்பதும், மாடும் குழந்தையும் நடமாடும் தெருவில் நிதானித்துச் செல்வதும் அந்த அறத்தின் சிறு துளிகள்.

வண்டி ஓட்டும் வயதைக் கடந்த பெரியவர்கள், இவையெல்லாம் பிள்ளைகளின் பொறுப்பு என்று இருந்துவிட வேண்டியதில்லை. “டயர் எந்த வருஷத்துது? பிரேக் ஆயில் எப்போ மாத்தினே? இன்ஷூரன்ஸ் தேதி என்ன?” என்று அன்போடு வினவுவது வீட்டுப் பெரியவர்களுக்கே உரிய உரிமை. பஞ்சாங்கத்தில் விரத நாள்களைக் குறித்து வைப்பது போல, சர்வீஸ் தேதியையும் நாட்காட்டியில் குறித்து வைக்கலாம். கும்பகோணத்துத் தாத்தா அதைத்தான் செய்கிறார். பாட்டியோ இப்போது வியாழன்தோறும் காலையிலேயே புறப்பட்டு, வாசலில் நிற்கும் சிறு தேரின் கதவு திறக்கக் காத்திருக்கிறார்.