கொப்பியில் இருந்த இருபத்து நான்கு நாட்கள்

வெளிநாட்டவர் ஒருவர் எமது நாட்டுக் குழந்தையைத் தத்தெடுத்துப் போனால், "அந்தப் பிள்ளைக்கு நல்ல காலம்" என்றுதான் ஊரில் சொல்வார்கள். அவர்கள் எப்படி வந்தார்கள், எங்கே தங்கினார்கள், யார் அவர்களைக் கூட்டிக்கொண்டு திரிந்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை. 2023ஆம் ஆண்டு அப்படி வந்துபோன ஒரு குடும்பத்துடன் மொழிபெயர்ப்புக்காக மூன்று நாட்கள் போனேன்.

தாய் நெதர்லாந்து நாட்டவர். எழுபது வயதைத் தாண்டியவர். மகளுக்கு முப்பத்தொன்பது. பார்த்தால் எங்கள் பிள்ளை, வாய் திறந்தால் ஒல்லாந்து மொழி. பெற்ற தாயைத் தேடி வந்திருந்தார்கள். பிறப்புச் சான்றிதழ், நீதிமன்றக் கட்டளை, வளர்த்த தாய் 1984இல் எழுதிய ஒரு கொப்பி, இவ்வளவுதான் கையில் இருந்தன.

கொழும்பிலிருந்து அவிசாவளை, கித்துல்கல வழியாக அட்டனுக்குப் போகும் வரையில் அந்த அம்மா கொப்பியை வாசித்துக்கொண்டே வந்தார். கலவரம் நடந்த மறுவருடம் அது. கட்டுநாயக்க விமான நிலையத்தால் எங்கள் ஆட்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியேறிய காலத்தில், இவரும் கணவரும் குழந்தைத் துணிகளும் பால் போத்தல்களும் நிறைந்த பெட்டியுடன் அதே விமான நிலையத்தில் இறங்கியிருக்கிறார்கள். கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டல். அங்கே இன்னும் நான்கு வெள்ளைக்காரக் குடும்பங்கள். எல்லோரும் குழந்தைக்காகக் காத்திருந்தவர்கள். காலையில் தரகர் வந்து ஆட்களைப் பிரித்துக் கூட்டிப்போவாராம். ஒன்பதாம் நாள் குழந்தை கைக்கு வந்தது. எடை இவ்வளவு, பால் குடித்த நேரம் இன்னது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். பிள்ளை பெற்ற எந்தத் தாயும் எழுதக்கூடிய கணக்குத்தான். நுளம்புக் கடிக்குக் கூட ஒரு பக்கம்!

நீதிமன்றத்தில் பெற்ற தாயைப் பார்த்த நாளுக்கு நான்கே வரிகள். பச்சைச் சேலை கட்டிய பெண். பெருவிரல் அடையாளம் வைத்தாள். குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. பேச முயன்றபோது தரகர் தடுத்துவிட்டார். இருபத்து நான்காம் நாள் மூவரும் விமானம் ஏறினார்கள். "அவள் ஏன் பார்க்கவில்லை என்று இத்தனை வருடமும் யோசித்தேன்" என்றார் அந்த அம்மா. மகள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சான்றிதழில் இருந்த தோட்டத்துக்குப் போனோம். லயத்துக்கு லயம் ஏறி இறங்கினோம். அந்தப் பெயரில் அங்கே எவரும் இருந்ததில்லை என்று பழைய ஆட்கள் எல்லோரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். அப்படியானால் நீதிமன்றத்தில் நின்ற பச்சைச் சேலைக்காரி யார்? பணம் கொடுத்து நிறுத்தப்பட்ட யாரோ ஒருத்தியாகவும் இருக்கலாம். 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சியொன்று வெளியிட்ட நிகழ்ச்சிக்குப் பிறகு, இப்படித் தாயாக நடித்த பெண்களின் கதைகளும் போலிப் பத்திரங்களின் கதைகளும் வெளியே வந்தன. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன குழந்தைகள் சுமார் 11,000 என்று சொல்லப்படுகிறது. பல்கலைக்கழகத்தில் 'குடும்பம்' என்பதற்கு அரைப் பக்கத்தில் வரைவிலக்கணம் எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். அந்த லயத்து வாசலில் அது எதற்கும் உதவவில்லை.

'குழந்தைப் பண்ணைகள்' பற்றிய செய்திகள் வந்ததும் 1987இல் அரசாங்கம் வெளிநாட்டுத் தத்தெடுப்பை இடைநிறுத்தியது. 1992இல் சட்டம் திருத்தப்பட்டது. அதன் பின்னர் வெளிநாட்டவர் தரகர் மூலம் பிள்ளை தேட முடியாது; நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் ஊடாகவே வரவேண்டும். பிள்ளையும் அரச இல்லத்தில் அல்லது பதிவு பெற்ற இல்லத்தில் உள்ள பிள்ளையாக இருக்கவேண்டும். தத்தெடுப்புப் பற்றிய ஹேக் சமவாயம் 1995 மே மாதம் நடைமுறைக்கு வந்தபோது அதை ஏற்றிருந்த முதல் மூன்று நாடுகளில் இலங்கையும் ஒன்று. நெதர்லாந்து 2021இல் வெளிநாட்டுத் தத்தெடுப்பை இடைநிறுத்தியது. பின்னர் சில நாடுகளுக்கு மட்டும் அனுமதித்து, 2024இல் படிப்படியாக முற்றாகவே முடிவுக்குக் கொண்டுவரத் தீர்மானித்தது.

இதையெல்லாம் இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. கணவனை யுத்தத்தில் இழந்த ஒரு சகோதரி, இரண்டு பிள்ளைகளைப் படிப்புக்காகச் சிறுவர் இல்லத்தில் விட்டிருக்கிறார். "தங்கச்சி, நான் கையெழுத்து வைச்சுக் குடுத்தனான். பிள்ளையளை வெளிநாட்டுக்குக் குடுத்துப்போடுவினமோ?" என்று ஒருநாள் கேட்டார். நித்திரையில்லாமல் கேட்ட கேள்வி அது. இல்லத்தில் விடுவது வேறு, தத்துக் கொடுப்பது வேறு. தத்தெடுப்புக்கு நீதிமன்றக் கட்டளை வேண்டும். பெற்றவரின் சம்மதத்தை நீதிமன்றம் பார்க்கும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையென்றால் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். ஆனாலும், தெரியாத மொழியில் எழுதிய தாளை ஒருவர் வாசித்து விளக்கும் வரை ஒப்பம் வைக்கவேண்டாம் என்றும், பிரதியை வாங்கி வைக்கும்படியும் அவரிடம் சொன்னேன். பிள்ளையைப் பார்க்கப் போகும் ஒவ்வொரு முறையும் இல்லத்தின் வருகைப் புத்தகத்தில் திகதியுடன் பெயரைப் பதியச் சொன்னேன். தாய் வந்து போகிறாள் என்பதற்கு அதுவே சாட்சி.

தோட்டத்தில் அன்று பின்னேரம் வானில் ஏறப் போகும்போது, அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண் என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார். இளவயதில் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றவராம். அங்கேயே பிரசவம். பிள்ளை செத்துவிட்டது என்று சொன்னார்களாம், உடலைக் காட்டவில்லையாம்.

"ஆம்பளப் புள்ளைங்களையும் அப்படிக் கொண்டு போனாங்களா தாயி?"

"கொண்டு போயிருக்கிறார்கள் அம்மா" என்றேன்.

நான் சொல்லி முடித்ததும் நெதர்லாந்து அம்மா கொப்பியைத் திறந்து, அந்த ஹோட்டலில் இருந்த மற்ற நான்கு குடும்பங்களின் பக்கத்தைப் புரட்டினார். இரண்டு பேருக்கு ஆண் குழந்தை கிடைத்ததாக எழுதியிருந்தது. அவர்களின் ஊர்ப் பெயர்களும் இருந்தன. மகள் தனக்கென்று கொண்டுவந்த மரபணுப் பரிசோதனைப் பெட்டிகளில் ஒன்று மிச்சம் இருந்தது. அந்தப் பெண் வாயைத் திறந்து, பஞ்சை உள்ளே விட்டு எடுக்கும் வரை கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு பெயரை எழுதும்போது எழுத்துப் பிழைத்துவிடக் கூடாதென்று அடையாள அட்டையை எடுத்துவர லயத்துக்கு ஓடினார்.